மீட்டர்காரர் தூக்கிய கை

மாவட்டச் சபையில் அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது மணி மூன்றரை இருக்கும். மேட்டுப் பகுதியில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடிவிடலாம் என்பது தீர்மானம். செயலாளர் அதை நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டு, "ஆதரிக்கும் உறுப்பினர்கள் கையை உயர்த்தலாம்" என்றார்.

மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் இருந்த மீட்டர்காரர் கையைத் தூக்கினார்.

அரைமனதாகத் தூக்கவில்லை. முழங்கை நிமிர, முகத்தில் லேசான சிரிப்போடு தூக்கினார். பக்கத்து உறுப்பினர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்னய்யா?" என்று திரும்பிப் பார்த்தாரே தவிர, கையை இறக்கவில்லை. செயலாளர் ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு பத்து. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அந்த வார்டு உருவானதே அவரால்தான் என்பது அங்கே கதவுக்குக்கூடத் தெரியும்.

அவர் ஒரு காலத்தில் தண்ணீர்த் துறையில் மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்தார். பன்னிரண்டு வருடம் வீடு வீடாக நடந்தார். மேட்டுப் பகுதியில் குழாயில் தண்ணீர் வராது, வெறும் காற்றுதான் வரும். ஆனால் அந்தக் காற்றே மீட்டரைச் சுற்றிவிடும், மாதம் தவறாமல் கட்டணச் சீட்டும் வந்துவிடும். முந்நூற்று நாற்பது வீட்டு மீட்டர்களின் எண்ணையும் ஓட்டத்தையும் நோட்டுப் போட்டு எழுதி, ஒரு நாள் சபையின் பொதுமக்கள் நேரத்தில் எழுந்து நின்று வாசித்தார். பாதி வாசிக்கும்போதே உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. அடுத்த வாரமே மாவட்டத்தின் மறுகோடிக்கு மாற்றல் வந்தது. வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். அதன் பிறகு இருபத்துநான்கு வருடமாக அந்த நாற்காலி அவருடையதுதான். மேட்டுக்குத் தண்ணீர் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை, சுவரொட்டியிலும் மீட்டர்காரர் என்றே போட்டார்கள்.

அவருடைய மூலதனம் ஞாபகம். டீக்கடையில் யாராவது வம்புக்கென்றே, "அண்ணே, எங்க வீட்டு மீட்டர் எங்க இருக்கு சொல்லுங்க பாப்போம்" என்பார்கள். "மாடிப்படிக்குக் கீழ. கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். அத மாத்தச் சொல்லி எத்தன தடவ சொல்லிட்டேன்?" என்று எதிர்க்கேள்வி கேட்டு ஆளை மடக்குவார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், மேட்டிலிருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு பெண்ணுக்குக் காய்கறி வேனுக்குள்ளேயே பிரசவம் ஆனது. நாற்பத்தொரு கிலோமீட்டர் தூரம். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து பத்தொன்பது குழுக் கூட்டங்களில் கத்தி, கெஞ்சி, சண்டை போட்டு, ஆறு படுக்கைகளோடு அந்த வார்டை வாங்கினார். இப்போது வருடத்துக்குத் தொண்ணூறு பிரசவம்தான் நடக்கிறது, கட்டுப்படியாகவில்லை என்று சபைத் தலைவர் அதை மூடப் பார்த்தார். அதற்குத்தான் மீட்டர்காரர் கை தூக்கியிருக்கிறார்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது லாரிக்காரர் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். லாரிக்காரருக்குப் பதினெட்டு லாரிகள் உண்டு. எதிரணி ஆள். இருபது வருடமாக இருவரும் சபையில் முட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

"கடைசியில உமக்கும் புத்தி வந்துதேய்யா மீட்டரு!"

"எதுக்கு?" என்றார் மீட்டர்காரர்.

லாரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எதிரிலிருந்த முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. காரை நோக்கிப் போய்விட்டார்.

மீட்டர்காரர் தாழ்வாரத்து வெளிச்சத்தில் நின்று நிகழ்ச்சி நிரலைப் பிரித்துப் படித்தார். நான்காவது, தெருவிளக்கு. ஐந்தாவது, பிரசவ வார்டு. தெருவிளக்குக்குக் கை தூக்கியதாகத்தான் அவருக்கு நினைப்பு. விரலை வைத்து மறுபடியும் படித்தார். பிறகு படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துப்புரவுப் பணியாளர் வந்து, "ஐயா, பூட்டணும்" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தார்.

மீட்டர்காரரின் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். வாடிக்கையாளருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அவர் கடைக்குள் வந்து நின்ற விதத்தைப் பார்த்ததுமே மாத்திரைகளை உறையில் போட்டு நீட்டிவிட்டு, அவரைப் பின்பக்கச் சரக்கறைக்குக் கூட்டிப்போனாள்.

"தெருவிளக்குன்னு நெனச்சேன்" என்றார். "கைய தூக்கிட்டேன். வார்ட மூடிட்டாங்க."

அவள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

விஷயம் அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் மூன்று ஊர் தள்ளியிருந்த ஒரு நரம்பு மருத்துவரிடம் போய்வந்தார்கள். மறதி நோய்தான், ஆரம்பம்தான், மெதுவாகத்தான் ஏறும், ஆனால் இறங்காது என்று அவர் சொல்லிவிட்டார். வரும் வழியில் பஸ்ஸில் மீட்டர்காரர், "பதவிக்காலம் முடிய ஒன்றரை வருஷம்தான் இருக்கு, ஓட்டிடலாம்" என்றார். அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை நினைத்து நொந்துகொண்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்ட நாள் காலையிலும் நிகழ்ச்சி நிரலை அவரை மூன்று முறை படிக்கவைப்பாள். எந்த எண்ணுக்குக் கை தூக்க வேண்டும், எதற்குத் தூக்கக் கூடாது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைப்பாள். அவர் கண்ணாடி துடைக்கிற சாக்கில் அதைப் பார்த்துக்கொள்வார். ஆறு மாதம் பிசகில்லாமல் ஓடியது. அன்றைக்கு மருந்துக்கடைக்குச் சரக்கு வருகிறதென்று முதலாளி ஏழு மணிக்கே வரச் சொல்லிவிட்டார். சீட்டு எழுதவில்லை.

"என்னாலதாங்க" என்றாள்.

"நீயா கைய தூக்குன? சும்மா இரு."

ஊர் சும்மா இருக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் செய்தி மேட்டுப் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. எவ்வளவு வாங்கினார் என்பதுதான் பேச்சே தவிர, ஏன் தூக்கினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. டீக்கடைக்குள் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. டீ வந்தது, ஆனால் பக்கத்து பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. மூன்றாம் நாள் அவர் டீக்கடைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

மகள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். அவளால் எங்கேயும் ஓடி ஒளிய முடியாது. கண்ணாடித் துளைக்கு வெளியே வரிசையில் நின்று ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள். ஒரு சாயங்காலம் நேராக அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அப்பா, ஒரு அம்மா இன்னிக்கி என்ன சொன்னாங்க தெரியுமா? டிக்கெட்டுக்குக் குடுத்த சில்லறைய திருப்பி என் பக்கம் தள்ளி, 'உங்க வீட்டுக்கு இதுவும் வேணும்ல, வெச்சுக்கோ'ன்னாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

மீட்டர்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணால் வேண்டாம் என்றாள்.

"தப்பு நடந்துபோச்சும்மா" என்றார்.

"தப்புன்னா என்ன தப்பு? உங்களுக்கா தெரியாது? பத்தொம்பது கூட்டம் போனீங்களேப்பா! என் கல்யாணத்தன்னிக்கிக்கூட மத்தியானம் கூட்டத்துக்குப் போயிட்டு வந்தீங்க!"

அவள் அழுதுகொண்டே போனாள். அம்மா பின்னாலேயே தெருமுனைவரை ஓடி, அங்கே நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மகள் சற்று நேரம் சைக்கிள் கடைச் சுவரில் சாய்ந்து நின்றாள். "ஏம்மா என்கிட்ட மறச்சீங்க?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வார்டின் செவிலியர் அவர் வீட்டுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. வார்டு திறந்த நாளிலிருந்து அங்கே பிரசவம் பார்ப்பவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணா, சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். நாங்க என்ன குறை வெச்சோம்?"

"ஒரு குறையும் இல்லம்மா."

"அடுத்த மாசம் பன்னெண்டு பேருக்குத் தேதி குறிச்சிருக்கேன். அதுல ஒருத்திக்கு ரெட்டை. அவளுக்கு வலி எடுத்தா எங்க அனுப்பட்டும்? அந்த ரோடு உங்களுக்குத் தெரியாததா?"

செவிலியர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். "உங்க பேர சொல்லித்தான் அங்க எல்லாரும் பிள்ள பெத்தாங்க" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே மூச்சு வாங்க இறங்கிப் போனார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "நான் லஞ்சம் வாங்கினவன்னு சொல்லட்டும். அத தாங்கிக்குவேன். ஆனா அந்த ரெட்டைப் பிள்ளைக்காரி வேன்ல போகக் கூடாது."

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். சபையின் ஒவ்வொரு விதியும் அந்த அம்மாவுக்கு விரல் நுனியில். நிறுத்தற்குறி தப்பினால்கூடத் திருத்தி எழுதவைப்பவர். கதவைச் சாத்திக்கொண்டு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"சார், ஒரு வழி இருக்கு. அடுத்த கூட்டத்துல போன கூட்டத்தோட குறிப்ப உறுதி செய்வோம். அதுக்கு முன்னாடி, தவறுதலா ஓட்டுப் போட்டுட்டேன்னு ஒரு உறுப்பினர் மனு குடுக்கலாம். சபை சம்மதிச்சா மறுபடி வாக்கெடுப்பு."

"அப்ப குடுத்துடுவோம்" என்றாள் மனைவி அவசரமாக.

"ஏன் தவறுதல் ஆச்சுன்னு காரணம் சொல்லணும்மா." செயலாளர் மீட்டர்காரரைப் பார்த்துப் பேசாமல் தாளைப் பார்த்துப் பேசினார். "உடம்பு சரியில்லன்னு காரணம் சொன்னா, இவர் ஓட்டே செல்லாதுன்னு எதிரணி கிளப்பும். ஓட்ட எடுத்துட்டா பத்துக்குப் பத்து. சமமா வந்தா தலைவர் ஓட்டுத்தான். அவர் மூடத்தான் போடுவார்."

மனைவி எழுந்து போய் ஜன்னலையும் சாத்தினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

"சட்டைப்பைச் சீட்ட நாலு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார். வாசிக்கிறப்ப எண்ண ரெண்டு தடவ சொல்றேனே, யாருக்குன்னு நெனச்சீங்க?" அவர் தாளை மீட்டர்காரர் பக்கம் நகர்த்தினார். "மைக் கரகரன்னு இருந்துச்சு, எந்தத் தீர்மானம்னு காதுல சரியா விழலன்னு எழுதிக் குடுங்க. இது நான் சொன்னதா இருக்க வேண்டாம்."

மீட்டர்காரர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்றில்லை, அரசியலில் இருபத்துநான்கு வருடம் குப்பை கொட்டியவர்தான். ஆனாலும் எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் நின்றது. மனைவி பக்கத்தில் நின்று வார்த்தை எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டத்தன்று மனைவியும் மகளும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார்கள். மேட்டுப் பகுதியிலிருந்து நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். செவிலியரும் சீருடையோடு கடைசியில் நின்றார். மீட்டர்காரர் உள்ளே வந்தபோது யாரோ, "இன்னிக்கி எந்தக் கை?" என்று கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

அவர் எழுந்து மனுவை வாசித்தார். மைக் சரியில்லை, காதில் சரியாக விழவில்லை, தவறுதலாகக் கை உயர்த்திவிட்டேன். குரல் நடுங்கவில்லை. மனைவி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

தலைவர் மேசையில் பேனாவைத் தட்டினார். "மைக் சரியில்லையா? ஒலிபெருக்கிய எல்லாம் ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதானே புதுசா மாட்டினோம். யாரு பொறுப்பு? கூப்பிடுங்க."

சுவரோரம் நின்றிருந்த மின்பணியாளர் முன்னால் வந்தார். ஒப்பந்தத்தில் இருப்பவர், நரைத்த மீசை, கையில் ஒரு சோதனை விளக்கு.

"ஐயா, அன்னிக்கிக் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ரெண்டு தடவ பாத்தேங்க. நல்லாத்தாங்க இருந்துச்சு."

"உறுப்பினர் நல்லா இல்லங்கிறாரே. உன் கவனக்குறைவுல ஒரு தீர்மானமே தப்பாப் போயிருக்கு. எழுத்துல விளக்கம் குடு. ஒப்பந்தத்த நீட்டிக்கிறதப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

மின்பணியாளரின் முகத்தில் ஈயாடவில்லை. மீட்டர்காரரை அவர் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஐயா ஏதோ ஒரு வார்த்தை சொல்வார் என்பது போலப் பார்த்தார்.

மீட்டர்காரர் உட்காரவில்லை. மனுத்தாளை இரண்டாக மடித்தார். அதைக் கண்டதும் பார்வையாளர் வரிசையில் மனைவி மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

"மைக் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "என் காதும் நல்லாத்தான் இருக்கு. அவர விட்டுடுங்க. எனக்கு மறதி நோய். டாக்டர் சொல்லி ஏழு மாசம் ஆச்சு. தெருவிளக்குன்னு நெனச்சுக் கைய தூக்கிட்டேன். இப்ப படிச்சது பொய். மன்னிச்சுடுங்க."

எதிரணியின் இளம் உறுப்பினர் ஒருவர்தான் முதலில் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, அப்படின்னா இவர் ஓட்டே செல்லாது. நீக்கிட்டா பத்துக்குப் பத்து. நீங்க முடிவு சொல்லிடலாம்."

சபையின் சட்ட ஆலோசகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏட்டைப் புரட்டினார். தகுதி நீக்கம் செய்யாதவரை உறுப்பினர் உறுப்பினர்தான், அவர் ஓட்டும் ஓட்டுத்தான் என்றார். மறு வாக்கெடுப்புக்கு மற்ற இருபது பேரில் பெரும்பான்மை சம்மதிக்க வேண்டும். மனு கொடுத்தவர் அதில் கலந்துகொள்ளக் கூடாது.

எல்லோருக்கும் கணக்கு ஓடியது. இருபது பேரில் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. அதிலும் சமமாகத்தான் வரும். தலைவர் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மறு வாக்கெடுப்புக்குச் சம்மதிப்பவர்கள்" என்றார் செயலாளர்.

பத்துக் கைகள் உயர்ந்தன. பதினோராவதாக எதிர்வரிசையில் ஒரு தடித்த கை மேலே போனது. லாரிக்காரர்.

"என்ன இது?" என்று இளம் உறுப்பினர் அவர் காதில் சீறினார். லாரிக்காரர் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பதில் சொன்னார்: "இருவது வருஷமா இந்தாளோட மல்லுக்கட்டியிருக்கேன். ஜெயிச்சா இந்தாள ஜெயிக்கணும். இவரு சீக்க ஜெயிச்சுட்டு வீட்டுல போய் என்னன்னு சொல்றது? வார்டு வேண்டாங்கிறதுல நான் மாறல. அத மறுபடி கேளுங்க, மறுபடி சொல்றேன்."

தீர்மானம் மறுபடி வந்தது. செயலாளர் வாசித்து முடித்ததும் மீட்டர்காரர் எழுந்தார். "ஒரு தடவ சொல்லிடுங்கம்மா. இப்ப கைய தூக்கினா மூடறதுக்கா, தெறந்து வைக்கிறதுக்கா?"

"இது மூடறதுக்கு சார். தூக்காதீங்க."

பத்து. அடுத்தது எதிர்ப்பு. "இப்ப தூக்குங்க சார்" என்றார் செயலாளர், விதியை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு. பதினொன்று. தீர்மானம் தோற்றது.

பின்வரிசையில் செவிலியர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மேட்டுக்காரர்கள் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். மீட்டர்காரர் அன்றைக்கே பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அதில் தேதியை மட்டும் மகள் எழுதினாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லதுதான். முடியவில்லை.

இரண்டு வாரத்தில் வேறொரு பேச்சு கிளம்பியது. ஏழு மாதமாக நோய் என்றால், அதற்கு முன்னாலும் கொஞ்சம் இருந்திருக்கும்தானே? அவர் சொல்லி நடந்த மற்ற முடிவுகள் எந்தப் புத்தியில் எடுத்தவை? வாய்க்கால் தகராறில் அவரிடம் தோற்றவர்கள், கடை அனுமதி கிடைக்காதவர்கள் எல்லோரும் மனுவோடு வந்தார்கள். இருபத்துநான்கு வருடத்தில் எப்போது யாருக்கு இல்லை என்று சொன்னாரோ, அத்தனை பேருக்கும் இப்போது அவருடைய நோய் ஞாபகம் வந்தது. சபை மூன்று பேர் கொண்ட மறுஆய்வுக் குழு போட்டது. கடைசி இரண்டு வருடத்தில் அவர் பேச்சைக் கேட்டு எடுத்த பதினேழு முடிவுகளைப் பார்ப்பதென்று ஏற்பாடு. லாரிக்காரரும் அந்தக் குழுவில் இருந்தார்.

விளக்கம் சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினான்கு முடிவுகளுக்குக் கோப்பிலேயே காரணம் தெளிவாக இருந்தது. இரண்டை அவரே, "மாத்திடுங்க, அது தப்பு மாதிரித்தான் தெரியுது" என்றார். பாக்கி ஒன்று. பழைய பம்ப் நிலையத்துக்குப் பின்னால் பதினான்கு வீட்டு மனைகளுக்கு அனுமதி கேட்டு வந்த விண்ணப்பம். நிராகரித்து ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார். 'இடம் பொருத்தமில்லை. நேரில் பார்த்தேன்.'

"ஏன் பொருத்தமில்லன்னு எழுதினீங்க?" என்று கேட்டார்கள்.

மீட்டர்காரர் நெற்றியைத் தேய்த்தார். "அங்க கட்டக் கூடாது."

"அதான் ஏன்னு கேக்கறோம்."

"தெரியும். உள்ள இருக்கு. வாய்க்கு வர மாட்டேங்குது." மனைவியிடம் திரும்பி, "உனக்குச் சொன்னேனா?" என்றார். சொல்லியிருக்கவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். லாரிக்காரர்கூட, "யோசிச்சுப் பாருய்யா, அவசரமில்ல" என்றார். வரவில்லை. அனுமதி கொடுப்பது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்தும் அவருக்கு நிம்மதி இல்லை. நடுநடுவே எழுந்து, "அங்க கட்டக் கூடாது" என்பார். ஒரு மாதம் போல இதைக் கேட்டுக் கேட்டு, ஒரு சனிக்கிழமை காலை மனைவி அவரை அந்த இடத்துக்கே கூட்டிப்போனாள். எட்டு மனைகளில் அஸ்திவாரம் எழும்பியிருந்தது. கொத்தனார் ஒருவர் சரட்டைப் பிடித்து நேர் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர்காரர் அங்குமிங்கும் நடந்தார், குனிந்து மண்ணைப் பார்த்தார், ஒன்றும் தோன்றாமல் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

மனைவிதான் பம்ப் நிலையத்தின் பின்சுவரைச் சுற்றிப் போனாள். அவளுடைய இடுப்பு உயரத்தில் சுவரின் நீளம் முழுக்க ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு உரிந்து செங்கல் பொரிந்திருந்தது, மேலே வெள்ளையாக இருந்தது. எத்தனையோ மழைக்குத் தண்ணீர் அங்கே நின்றிருக்கிறது.

"என்னங்க, இங்க வாங்க! இதத்தானே பாத்தீங்க?"

அவர் வந்து பார்த்தார். விரலால் கோட்டைத் தடவினார். "கோடு" என்றார்.

அவள் மனு எழுதினாள். சபையில் வாங்கிக்கொண்டு, முடிவான விஷயம் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை செயலாளர் அதைக் கையோடு கொண்டுபோய்க் குழுவின் மேசையில் வைத்தார். லாரிக்காரர் காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நேரில் வந்து, சுவருக்கு எதிரே நின்று தன் இடுப்பையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "இத அன்னிக்கே ரெண்டு வார்த்த சேத்து எழுதியிருந்தா என்னய்யா?" என்று யாரிடமோ கோபித்துக்கொண்டார்.

முடிவு வர மேலும் மூன்று வாரம் ஆனது. இன்னும் தொடங்காத ஆறு மனைகளுக்கு அனுமதி ரத்து. அஸ்திவாரம் போட்ட எட்டையும் நிறுத்த முடியாது, சட்டத்தில் இடமில்லை.

கடிதத்தை மனைவி அவருக்கு வாசித்துக் காட்டினாள். ஆறு வீடு நின்றுபோனதை இரண்டு தடவை சொன்னாள். அவர் சந்தோஷப்படுவார் என்று முகத்தைப் பார்த்தாள்.

மீட்டர்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மீதி எட்டு?" என்று கேட்டார்.

அவள் கடிதத்தை மறுபடியும் பிரித்து, அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினாள்.